இரண்டு பல்லும் ஒரு மணிக்கட்டும்

அந்த லாரி டிரைவருக்கு 'ஹாரன்' என்று பட்டப்பேர் வைத்தவன் கெட்டிக்காரன். முன்னால் போகிற சைக்கிள்காரன் ஒருமுறை திரும்பி முறைத்தால் போதும், வண்டியை நிறுத்தி இறங்கிச் சட்டையைப் பிடித்துவிடுவான் ஹாரன். சரக்கு இறக்குகிற இடத்தில் ஒரு காவலாளியின் மூக்கை உடைத்திருக்கிறான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இவனைப் பார்த்துச் சொன்னதோ என்னவோ.

ஸ்டியரிங் பிடித்தால் தூங்கிவிடக் கூடாதென்று கன்னத்தில் எந்நேரமும் ஒரு மிட்டாயை அதக்கியிருப்பான். அது கரைந்தால் அடுத்தது. தாகத்துக்குத் தண்ணீர் கிடையாது, கூல்டிரிங்க்ஸ்தான். பசித்தால் பன், கிரீம் பிஸ்கட். கீரையை நீட்டினால், "நான் என்ன ஆடா?" என்பான். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. அதனால் தேய்ப்பதையே விட்டுவிட்டான், மகா புத்திசாலி.

அவனுடைய தங்கை புருஷன் ஒரு வெல்டர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு நாள் அங்கே ஜன்னல் கம்பிகளை ஏற்றப் போன ஹாரன், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சுவரில் சாய்த்திருந்த புது கேட்டை நசுக்கிவிட்டான்.

"பின்னால பார்த்து எடுக்கக் கூடாதா மச்சான்? ரெண்டு வார வேலை."

கேட்டது அவ்வளவுதான். ஹாரன் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான், மறுபடியும் மோதினான். மூச்சு முட்டிய வெல்டர் விடுபடுவதற்காகக் கன்னத்தில் ஓர் அறை விட்டான். ஹாரனின் மேல்வரிசை முன்பல் இரண்டும் இரும்புத்தூளில் போய் விழுந்தன.

பல்லைப் பார்த்ததும் ஹாரனுக்குக் கண் மண் தெரியவில்லை. லாரியிலிருந்து ஜாக்கி ராடை எடுத்து வந்தான். வெல்டர் மேசையில் ஊன்றியிருந்த வலது மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி. காலைக் கட்டிக்கொண்டு கதறிய தங்கையை உதைத்துத் தள்ளிவிட்டு அதே மணிக்கட்டில் இன்னோர் அடி. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்துக் கடைவரைக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் தங்கை, கேட் சரிந்து விழுந்ததாகச் சொல்லி அண்ணனைக் காப்பாற்றினாள். அதோடு அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். வெல்டரின் கை கோணலாகத்தான் கூடியது. ஹாரனோ போகிற இடமெல்லாம் பொக்கை வாயைத் திறந்து காட்டி, "பல்லைத் தட்டினான், கையை எடுத்துட்டேன். கணக்கு சரி" என்று பீற்றிக்கொண்டான். பெற்றவள் மட்டும், "நீ உருப்படவே மாட்டேடா" என்றாள்.

ஆறேழு மாதம் போயிருக்கும். வண்டியில் உட்கார்ந்து வாழைப்பழத்தைக் கடித்தான். நன்கு கனிந்த பழம். பல் ஒன்று பழத்திலேயே தங்கிவிட்டது. அடிப்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

பல் டாக்டரம்மா ஈறை லேசாக அழுத்தினாள். சீழும் ரத்தமும் வந்தன.

"வண்டியில என்ன சாப்பிடுவீங்க?"

சொன்னான்.

"நாள் பூரா வாயில சர்க்கரை ஊறினா கிருமிக்குக் கொண்டாட்டம்தான். தேய்க்கிறதையும் விட்டுட்டீங்க. ஈறு சீழ் பிடிச்சு, பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பும் கரைஞ்சு போச்சு. சுத்தம் பண்ணி விடறேன். ரெண்டு வேளை தேய்ங்க, ரத்தம் வந்தாலும் நிறுத்தாதீங்க. இனிப்பை விடுங்க, தண்ணி குடிங்க. கீரை, காய், கொய்யா, தயிர், கடலைன்னு தினம் சாப்பிடுங்க. மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்தலாம்."

"முன்னாடி ரெண்டு பல்லு போச்சே. அது ஒருத்தன் அறைஞ்சதுல போனது."

"கையால அறைஞ்சா?" டாக்டரம்மா எடுத்திருந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "பக்கத்துப் பல்லோட நிலைமையைப் பாருங்க. அந்த ரெண்டும் பலமாத் தும்மினாலே விழுந்திருக்கும்."

வெளியே வந்து வண்டியில் இருந்த கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களை ஒவ்வொன்றாக லாரிச் சக்கரத்தில் அடித்து நொறுக்கினான். உள்ளங்கை கிழிந்தது. வலிக்கவில்லை. அந்த மணிக்கட்டின் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

ரத்தம் சொட்டச் சொட்டப் பட்டறைக்குப் போனான். முகமூடி போட்டுக் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தது தங்கை. அவள் கை நெடுகத் தீப்புண். பக்கத்தில் நின்ற வெல்டர், "இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த இரண்டு பல்லைப் பற்றி டாக்டரம்மா சொன்னதை ஹாரன் அப்படியே சொன்னான். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த ஜாக்கி ராடை மேசையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தன் வலது கையையும் நீட்டி வைத்தான்.

"அடி மாப்பிள்ளை."

வெல்டர் ராடைப் பார்த்தான். கோணிப்போன வலது கையால் அதைப் பற்றித் தூக்கப் பார்த்தான். நாலு விரல் உயரம்கூட எழும்பவில்லை. தடாலென்று மேசையிலேயே விழுந்தது.

"எந்தக் கையால அடிக்கட்டும் மச்சான்?" என்றான்.

தங்கை முகமூடியைத் தூக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பற்றவைக்கத் தொடங்கினாள்.