கழுநீர் வாளி

தம்பி கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். ஆனாலும் அம்மா மூன்று பேருக்கே உலை வைத்துக்கொண்டிருந்தார். மிஞ்சிய சோறு வாசலில் இருக்கும் கழுநீர் வாளிக்குள் போகும். நான் நோர்வூட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் நிற்கும்போதே தலைசுற்றிச் சாய்வதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்த வாளியைக் கடந்து உள்ளே போகக் கால் வராது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து வந்தவள் நான். இதையாவது நான் திருத்த வேண்டாமா?

அரிசி அளக்கும் சுண்டுப் பாத்திரத்தை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். காலையில் மிஞ்சிய ரொட்டியைப் பிய்த்து, வெங்காயம் பச்சை மிளகாய் போட்டு இரவுக்கு வதக்கினேன். பீட்ரூட் தண்டு, உருளைக்கிழங்குத் தோல் எதையும் விடவில்லை. அரிசி கழுவிய தண்ணீரைக்கூட மல்லிகைச் செடிக்கு ஊற்றினேன். வாளி கவிழ்ந்தே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாளி எங்களுடையது என்றாலும் அதில் சேர்வது பக்கத்து வீட்டு அத்தையின் மாட்டுக்கு. அம்மாவும் அத்தையும் தேயிலை மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். சாயங்காலம் அம்மா வாளியோடு போனால் பேச்சு முடிந்து திரும்ப இருட்டிவிடும். சுண்டு என் கைக்கு வந்த பிறகு அம்மா போவதை நிறுத்திவிட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை.

மாடு கன்று போட்டது. சீம்பால் ஒரே வரிசையான எங்கள் லயத்தில் வீடு வீடாகப் போனது. எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் அத்தை என்னைப் பார்க்காமலே பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார்:

"டீச்சர் வீட்டுல இப்ப எல்லாமே அளவுதான். மனுசருக்கு அளந்தது போக மாட்டுக்கு என்ன இருக்கப்போகுது?"

குடம் நிரம்பி வழிந்தது. நான் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வாளியைப் பார்த்தேன். உள்ளே சோறு. மிஞ்சியதில்லை, ஆவி பறந்தது.

"மாட்டுக்குன்னே ஆக்கினீங்களா?"

"வெறும் வாளியோட அவ வாசல்ல எப்படிப் போய் நிக்கிறது? நாளைக்கும் நாங்க ஒரே மலைக்குத்தானே போகணும்," என்றார் அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றும் வாளி எங்கள் வாசலைத் தாண்டவில்லை.

மறுநாள் வகுப்பில் எழுதிய கணக்கையே திரும்ப எழுதினேன். பள்ளி விட்டதும் டவுனில் மரக்கறிக் கடைக்குப் போனேன். முட்டைக்கோவாவின் வெளி இலைகளை உரித்துக் குவித்திருந்தார்கள். கேட்டதும் கடை முதலாளி சிரித்தார், டீச்சருக்கு இது எதற்கு என்றார். ஒரு உரப்பை நிறையத் தந்தார். பஸ்ஸில் சேலையும் பையுமாக நின்றேன். பின்னாலிருந்த என் மாணவிகள் ஏதோ கிசுகிசுத்தார்கள். நான் தலை குனியவில்லை.

பையை அத்தையின் தொழுவத்தில் வைத்தேன். அவர் தொடவில்லை.

"கடைக் குப்பைய நான் கேக்கலையே டீச்சர். ஒங்க வீட்டு வாளி எங்க?"

பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். செடிக்கு என்று எடுத்து வைத்திருந்த கழுநீரை வாளியில் ஊற்றினேன். காய்த்தோலைப் போட்டேன். மேலே கோவா இலை. சோறு ஒரு பருக்கைகூடப் போடவில்லை. அதில் நான் மாறப்போவதில்லை. வாளியோடு மறுபடி போனேன்.

அத்தை கையை விட்டுக் கலக்கினார். சோற்றைத் தேடவில்லை.

"உப்புப் போட்டியா?"

"இல்ல அத்தை."

"ஒங்கம்மா போடுவா."

வாளியை அங்கேயே வைத்துவிட்டு உப்பெடுக்க ஓடி வந்தேன். அம்மா உப்புச் சட்டியோடு வாசலில் நின்றார். எல்லாம் கேட்டிருக்கும், நடுவில் ஒரு சுவர்தானே. கையை நீட்டினேன். தரவில்லை. என்னை விலக்கிவிட்டுத் தானே நடந்தார்.

நான் வாசலிலேயே நின்றேன். தொழுவத்தில் வாளி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேரின் குரலும் கேட்கும்வரை என்னால் உள்ளே போக முடியவில்லை.