எங்கள் வளவில் தோண்டிய பங்கர்

நான் எழுதிய ஒரே நாவலைப் படமாக்கக் கேட்டு ஆறு பேர் வந்தார்கள். எல்லாரும் இளம் ஆட்கள். ஒரு கமராவும் வாடகை வானும்தான் அவர்களிடம் இருந்தன. போரின் கடைசி வருடத்தில், பதின்மூன்று வயதில் நான் பெரியபிள்ளையானதும் அந்தக் கிழமையே நாங்கள் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் குடிபுகுந்ததும்தான் நாவலின் கதை. உடையார்கட்டில் எங்கள் வீட்டு வளவிலேயே எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

என்னாக நடிக்க வந்த பிள்ளை தண்ணீரூற்று என்ற ஊர்க்காரி. தாயும் கூட வந்திருந்தார்.

"அன்ரி, பங்கருக்குள்ள இருக்கேக்க என்ன யோசிச்சனீங்கள்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"ஒண்டும் யோசிக்கேல்லை. மூத்திரம் முட்டிக்கொண்டு இருந்தது, அவ்வளவுதான்."

சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலை பங்கர் காட்சிக்காகப் பின்வளவில் குழி வெட்டினார்கள். இடுப்பளவு ஆழமானதும், தானும் வெட்டிப் பார்க்கிறேன் என்று பிள்ளை மண்வெட்டியோடு இறங்கினாள். மூன்றாவது வெட்டில் 'டங்' என்றது. கல்லில் பட்ட சத்தமல்ல. மண் சரிந்த இடத்தில் துருப்பிடித்த எறிகணையின் வால் தெரிந்தது.

படத்தை இயக்கிய பொடியன் குழியை நோக்கி நடந்ததும், "வராதை! அங்கயே நில்லு!" என்று கத்தினேன்.

"அன்ரி, என்ன அது?" என்று குழிக்குள்ளிருந்து பிள்ளை கேட்டாள்.

"செல். பயப்பிடாதை." குழியை நோக்கி மெல்ல நடந்தேன். "மண்வெட்டியை எறியாதை. மெல்லப் பின்னுக்கு என்னட்டை வா."

குழி விளிம்பில் குப்புறப் படுத்து மண்வெட்டியை வாங்கி வைத்தேன். பிறகு அவளுடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். றோட்டு வரை நடந்தோம். ஓடினால் நிலம் அதிருமோ என்று பயம்.

தாய் மகளைக் கட்டிப்பிடித்தபடி கேட்டார்: "உங்கட வளவில இது கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

மீளக் குடியேறியதிலிருந்து அந்த இடத்துக்கு மேலேதான் உடுப்புக் காயப்போட்டு வந்திருக்கிறேன்.

வெடிபொருள் அகற்றுபவர்கள் பின்னேரம் வந்தார்கள். இன்னும் இரண்டு கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்துப்போனார்கள். பிறகும் பல நாட்கள் வீட்டுக்குள்கூடக் காலை அமர்த்தி வைக்க எனக்குப் பயமாக இருந்தது.

பங்கர் காட்சியை வவுனியாவில், நிலத்துக்கு மேலே மண்மூட்டை அடுக்கி எடுத்தார்கள். பிள்ளை தாயிடம் மன்றாடிப் போய் நடித்தாள். நான் போகவில்லை.

படத்தைக் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் காட்டியபோது அவள் என் பக்கத்தில் இருந்தாள். அந்தக் காட்சி தொடங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

"அன்ரி, பாக்காதேங்கோ. முடியச் சொல்லுறன்."

கண்ணை மூடிக்கொண்டேன். முடிஞ்சுது என்று சொன்ன பிறகும் அவள் என் கையை விடவில்லை.