மூன்று கடிதங்களில் மோசமானது

ஓய்வுபெற்ற தபாலதிபர் என்பதால் நீர்வேலியில் எங்கள் சனசமூக நிலையத்துக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். வாழ்நாள் முழுவதும் பிறருடைய கடிதங்களைக் கையாண்டவனுக்கு எழுதவும் வரும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை.

சென்ற வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த மகள், என் கைபேசியில், கேட்டதை எழுதித் தரும் ஒரு சாட்பொட்டைப் போட்டுத் தந்துவிட்டுப் போனாள். கட்டாக்காலி மாடுகள் வாழைக்குட்டிகளைத் தின்பது பற்றிப் பிரதேச சபைக்கு அதைக்கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்தேன். கூட்டத்தில் வாசித்தபோது, வாழைத்தோட்டக்காரரான தலைவரின் கண் கலங்கிவிட்டது.

"ஐயா எழுதினதை வாசிச்சா மாடே வெக்கப்படும்" என்றார்.

நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன். கைபேசியைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஏழெட்டு மாதம் போனதும் கடிதங்கள் உப்புச்சப்பில்லாமல் வரத் தொடங்கின. தெருவிளக்குக் கடிதத்தை வாசிக்கையில் முன்கதிரையில் இருந்தவர் வாய்விட்டுக் கொட்டாவி விட்டார். எனக்குச் சந்தேகமே இல்லை. நல்லதைக் காட்டி எங்களைப் பழக்கிவிட்டு, பிறகு அந்தக் கம்பனிக்காரர் சத்தமில்லாமல் தரத்தைக் குறைக்கிறார்கள். சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் இதுபற்றி இரண்டு நாள் விரிவுரை நிகழ்த்தினேன். மூன்றாம் நாள் கடைக்காரர் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்: "உது முந்தி மாதிரி இல்லை. வரவர மொக்காப் போகுது."

அவள் கணித ஆசிரியையாக இருந்தவள். "எப்பிடித் தெரியும்?"

"வாசிச்சாத் தெரியாதோ?"

"சரி, அப்ப வாசியுங்கோ."

அடுத்த நாள் மத்தியானம் மூன்று தாள்களை மேசையில் வைத்தாள். மூன்றும் மாட்டுக் கடிதங்கள். திகதியும் இல்லை, கையொப்பமும் இல்லை. "ஆகப் பழுது எதெண்டு சொல்லுங்கோ."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையும் எடுத்தேன். மூன்றாவது தாளில் பேனை ஓயவில்லை. "இதுதான் இப்ப எழுதினது. பாரும், 'கால்நடைகளின் அட்டகாசம்' எண்டு மூண்டு தரம்! மாட்டையே காணாத ஒண்டு எழுதினது மாதிரிக் கிடக்கு."

"அது நீங்கள் எழுதினது. மகள் வாறதுக்கு முதல் வருசம். அலுமாரியிலை உங்கடை பைலுக்குள்ளை இருந்தது."

நான் சிவப்புப் பேனையை மூடி வைத்தேன். "அது அவசரத்திலை எழுதினது" என்றேன்.

மற்ற இரண்டில் பழையது எது என்றாள். பளிச்சென்று ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். அது அன்று காலை, என் பழைய கேள்வியையே சாட்பொட்டிடம் திரும்பக் கொடுத்து அவள் வாங்கியது.

பிறகு என் கைபேசியைத் திறந்து காட்டினாள். முதற் கேள்வி ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தது: எந்தத் தோட்டம், எத்தனை மாடு, வேலி எந்த மூலையில் பிரிந்தது, வாழை போனதைத் தலைவர் என்ன சொல்லிப் புலம்பினார். தெருவிளக்குக்கு நான் கேட்டிருந்தது: "தெருவிளக்கு கடிதம். கெதியா வேணும்."

"ஒரு சோதனையை வைச்சுத் தீர்ப்புச் சொல்லேலாது" என்றேன், பிடிவாதமாக.

"ஓம், அது சரி. உது உண்மையாக் குறைஞ்சுமிருக்கலாம். ஆனா நீங்கள் குறைஞ்சது நிச்சயம்."

அவள் குசினிக்குள் போனதும் சாட்பொட்டிடமே கேட்டேன், நீ மோசமாகிவிட்டாயா என்று. மன்னிப்புக் கேட்டது. தன்னில் மாற்றங்கள் நடந்திருக்கலாம் என்றும், அதைத் தன்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதியது. என்னைவிட அடக்கமாகப் பதில் சொன்னதுதான் எனக்குக் கோபம்.

அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று, கடிதங்களை எழுதியது கைபேசிதான் என்ற உண்மையைச் சொன்னேன். தலைவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும் ஐயா" என்றார் அவர். "உங்கடை பழைய கடிதங்களையும் நாங்கள் கேட்டனாங்கள்தானே."

கோவிலடி வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்று அடுத்த கடிதத்தையும் என்னிடமே தந்தார்கள். இந்த முறை சைக்கிளில் போய் இறங்கிப் பார்த்தேன். முழங்கால்வரை சேறு, ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து கால் கழுவ முதலே எல்லாவற்றையும் எழுதினேன், செருப்பின் நிறம் உட்பட.