விரலைப் பார்த்துவிட்டு வேண்டாமென்றவர்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஓர் ஆவணி மாதம். ஆரணியில் எங்கள் வீட்டுக்கு, என்னைப் பெண் பார்க்கப் போளூரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா அன்றைக்குத் தறிக்கு லீவு விட்டிருந்தார். காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா தட்டை நகர்த்திவிட்டு, "கையக் கொஞ்சம் இப்படி விரிச்சி வை பாப்பா" என்று மேசையைக் காட்டினார். எங்கள் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மோதிரத்துக்கு அளவு பார்க்கிறார்கள், சம்மதம் சொன்ன மாதிரிதான் என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வலது கையை விரித்து வைத்தேன். நெய்து கொண்டுபோன சேலையில் பழுது தேடுகிற முதலாளி மாதிரி அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"மன்னிச்சிக்கோங்க. இந்த இடம் எங்களுக்கு ஒத்து வராது."

அப்பா கையிலிருந்த டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். நிறம் கம்மி என்று என்னை வேண்டாமென்றவர்கள் உண்டு. உயரம் அதிகம் என்றவர்களும் உண்டு. கையைப் பார்த்து வேண்டாமென்றவர் இவர்தான்.

"என் கையில என்னங்க குறை?" என்றேன். பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்கு என்றைக்குமே ஒத்துவந்ததில்லை.

"ஆள்காட்டி விரலு மோதிர விரலை விட நீளமா இருக்குதும்மா. அப்படி இருந்தா மார்ல கேன்சர் வருமாம். பேப்பர்ல போட்டிருந்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் செய்தியை நானும் படித்திருந்தேன். வரும் என்று அதில் எங்கும் இல்லை. வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் இருந்தது. விரலை வைத்து ஒருத்தியின் உடம்பைப் பற்றி முடிவுகட்ட முடியாது என்று பின்னாளில் ஒரு டாக்டரம்மாவும் எனக்குச் சொன்னார். செவ்வாய் தோஷம், மூல நட்சத்திரம் எல்லாம் போதாதென்று விரல் தோஷம் வேறு வந்துவிட்டதா என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

"உங்க கைய வைங்க, பாக்கலாம்" என்றேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. அவர் தயங்கித் தயங்கி என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். அவருக்கும் ஆள்காட்டி விரல்தான் நீளம். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா!

"பாத்தீங்களா? உங்களுக்கும் இதே விரலுதான். நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

அவர் கையை எடுக்கவில்லை.

"நான் நல்லா இல்லம்மா. எனக்கு ஒரு பக்கம் எடுத்தாச்சி" என்று, சேலைக்கு மேலாக இடது மார்பைத் தொட்டுக் காட்டினார்.

என்னைவிட அதிர்ந்துபோனவர் மாப்பிள்ளை. பெங்களூரில் வேலையிலிருந்த மகனுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

"கர்ப்பப்பை ஆபரேஷன்னு தானம்மா சொன்ன?"

"ஆமாண்டா."

"அப்புறம் நான் வந்தப்ப மொட்டை போட்டுகினு இருந்தியே. திருப்பதி வேண்டுதல்னு சொன்னியே?"

"மருந்து ஏத்துனதுல முடியெல்லாம் கொட்டிப்போச்சி. நிஜத்தச் சொன்னா உனக்கு எவன் பொண்ணு தருவான்?"

அவர் கட்டிக்காத்து வந்ததெல்லாம், பெண் கேட்டு வந்த வீட்டிலேயே உடைந்துவிட்டது. மகன் கத்தப்போகிறார், ஏன் மறைத்தாய் என்று சண்டைக்கு நிற்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில கூட யாரு இருந்தா?"

"உங்க சித்தி வந்து கையெழுத்துப் போட்டா. படவேட்டுக்குக் கடைசி பஸ்ஸு போயிடும்னு சாயங்காலமே கெளம்பிட்டா."

"ராத்திரி?"

"ராத்திரி யாரு இருப்பாங்க? நான்தான் இருந்தேன்."

முன்பின் தெரியாத எங்கள் முன்னால் அந்த மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அவர் அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எதையும் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். எனக்கு அப்புறம் பேச ஒன்றுமே இல்லை.

"எனக்குச் சம்மதம்" என்றேன்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று பதறிப்போய்க் கேட்டது எங்கள் அம்மா இல்லை. மாப்பிள்ளையின் அம்மாதான்.