சாய்த்துப் பார்த்து மாட்டியவர்

ரேஷன் கடை வரிசையில் நின்றபோதுதான் சாவுச் செய்தியைக் கேள்விப்பட்டேன். "செல்லையா மெக்கானிக் மரிச்சுபோயி சேச்சீ" என்றார் மலையாளக் கடைக்காரர், அரிசியை நிறுத்துக்கொண்டே. வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை.

வண்டிப்பெரியாரில் அவரிடம் வண்டியைப் பழுதுபார்க்க விட்ட உங்களுக்கு அவரைப் பற்றி நல்லதாக எழுத நிறைய இருக்கும். நான் அவரோடு பதினோரு வருஷம் பேசாதவள். என் வீட்டுக்காரர் பைக்குக்கு முன்னால், விழுந்தால் கால் அடிபடாதபடி இரும்புக் கம்பி வளைத்துப் பற்றவைத்துக் கொடுத்தது அவர்தான். எஸ்டேட் இறக்கத்தில் வண்டி சரிந்தபோது அந்தக் கம்பி உள்ளே மடங்கிக் காலைக் கவ்விக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் காலோடு எட்டு வருஷம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கம்பி மாட்டிய அன்று செல்லையா போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

போன வருஷம் பேத்தி கௌசல்யா வேலைக்குப் போக பைக் வாங்கினாள். என் பேச்சைக் கேட்காமல் அவர் கடைக்கே கொண்டுபோனாள். இவள் காலும் போய்விடக் கூடாதே என்று நானும் பின்னாலேயே போனேன். செல்லையா இரும்புக் கம்பி வேண்டாமென்று, எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் மாட்டுகிற கறுப்பு நைலான் கட்டைகளை எடுத்து வைத்தார். ஸ்லைடராம். வண்டி விழுந்தால் அது தரையில் பட்டுச் சறுக்குமாம்.

"சறுக்கி எங்க போயி நிக்குமாம்? கீழ பள்ளத்துலயா? கேளுடி அவர்கிட்ட" என்றேன் பேத்தியிடம்.

அவரும் அவளைப் பார்த்தே பதில் சொன்னார். "ஆச்சிகிட்ட சொல்லு தாயி. வேகமாப் போயி விழுந்தா இரும்பும் காப்பாத்தாது, இதுவும் காப்பாத்தாது. மெதுவா சாயுற வண்டிக்குத்தான் இது. காலை உருவ ஒரு சந்து கெடைக்கும்."

"அதையும் பாத்துருவோம்னு சொல்லு."

"பாக்காம மாட்டுனா மதினி விடுவாகளா?" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

ஒரு ஜோடிக் கட்டையை மாட்டி, சாக்கை விரித்தார். எஞ்சின் மூடி, கால்மிதி, ஹேண்டில் முனை எல்லாவற்றிலும் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு வண்டியை மெதுவாகப் படுக்கவைத்தார். எது தரையில் பட்டதோ அதிலிருந்த சாக்பீஸ் தூள் சாக்கில் ஒட்டியது. முதல் ஜோடி குட்டை. எஞ்சின் மூடி பட்டது. அடுத்தது ரொம்ப நீளம். "இது அடிபட்டா போல்ட்டை மடக்கி, வண்டிச் சட்டத்தையே இழுத்துரும்" என்று கழற்றினார். மூன்றாவது ஜோடியை மாட்டிப் படுக்கவைத்து, அடியில் தன் காலையே விட்டு உருவிக் காட்டினார். அறுபது தாண்டிய மனிதர். தரையிலிருந்து அவரை எழுப்பப் பேத்தி ஒரு கை, நான் ஒரு கை.

இங்கே கர்க்கடகம் என்கிற ஆடி மாத மழையில் கௌசல்யா ஒரு வளைவில், சேற்றில் சாய்ந்தாள். கணுக்காலில் சிராய்ப்பு மட்டும். கால் உருவிக்கொண்டு வந்துவிட்டது. நான் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. யாரோ சொல்லி அவரே எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்தார். வண்டிப் பக்கம் போகவில்லை.

"நடந்து காட்டு தாயி" என்றார். அவள் வாசலில் நடந்தாள்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கு இப்படிச் சாய்ச்சுப் பாத்திருந்தா அண்ணன் காலும் இருந்திருக்கும் மதினி. பாக்கல. என் தப்புதான்."

காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் என் முகத்தைப் பார்த்து 'என் தப்பு' என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அந்தப் பாதையை அப்படியே விட்ட எஸ்டேட்காரர்கள் சொன்னதில்லை, வண்டியை ஓட்டிய என் வீட்டுக்காரரே சொன்னதில்லை. அந்தச் சொல் என்னிடம் இருக்கிறது. அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் என்னிடமே நின்றுவிட்டது.