கண்ணாடிக்குள் கேட்ட கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயிலில், வில்லியனூரில் இருக்கும் என் வீடியோ ஸ்டூடியோவில் நடந்தது இது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று இருபது வருடமாகப் படம் பிடிக்கிறவன் நான். எனக்குத் தெரியாததா என்ற மிதப்பு அப்போது நிறையவே உண்டு.

அந்த மிதப்பில்தான், சுற்றிலும் ஒரே நேரத்தில் படம் பிடிக்கும் புதுக் கேமரா ஒன்றை வாங்கினேன். மெல்லிய ஸ்டாண்டில் பொருத்திக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டு, நாம் படத்தில் விழாமல் ஒரு தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். பிறகு அந்தப் படத்தை விஆர் கண்ணாடியில் போட்டுக் கண்ணில் மாட்டினால், கேமரா நின்ற இடத்தில் நாமே நிற்கிற மாதிரி இருக்கும். தலையைத் திருப்பினால் பின்னால் இருப்பவர்களும் தெரிவார்கள். ‘உங்கள் கல்யாணத்துக்குள் நீங்களே மறுபடி போகலாம்’ என்று போர்டு எழுதி வாசலில் மாட்டியிருந்தேன்.

அந்தக் கேமராவில் நான் எடுத்த முதல் கல்யாணம், கரியமாணிக்கத்தில் கரும்பும் நெல்லும் போடும் ஒரு குடும்பத்துடையது. ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம். தை பிறந்த சில நாளில், பெண்ணின் அப்பா வயற்காட்டில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து, பங்குனியில் அந்தப் பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர் என்பதால், அந்த அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். உடலை எடுத்த அன்றுகூட அவர் ஒரு சொட்டு அழவில்லையாம். அதற்கப்புறம் யாரிடமும் சரியாகப் பேச்சும் இல்லையாம்.

“அப்பாவ ஒரு தடவ பாத்தா அம்மா மனசு வுட்டு அழுதுரும்ணா. அந்தக் கண்ணாடியில காட்டுங்க” என்றாள் பெண்.

ஸ்டூலில் உட்காரவைத்து மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அந்த அக்கா சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பந்திக்குப் போகிறவர்களுக்கு வழி விடுகிறார்! முந்தானையைச் சரிசெய்துகொண்டார். யாருக்கோ தலையாட்டினார். நானும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அவர் காலுக்குக் கீழே இருந்தது என் ஸ்டூடியோவின் சிமெண்ட் தரைதான், ஆனால் உடம்பு மொத்தமும் மண்டபத்துக்குப் போய்விட்டது.

திடீரென்று எழுந்து நின்றார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக்காரர், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நேராக வருகிறார். இந்த அக்கா கையை நீட்டுகிறார். அவர் பக்கத்தில் வந்து, உரசுகிற மாதிரி கடந்து, பின்னால் இருந்த சம்பந்தி வீட்டாரைக் கும்பிடப் போய்விட்டார். இந்த அக்கா முழுசாகத் திரும்பி அவர் முதுகையே பார்த்தபடி நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“எதுருலயே நிக்கறேன். ஏறெடுத்துப் பாக்காம போறாரு” என்றார். அழவில்லை.

“அக்கா, அது கேமரா நின்ன எடம். அவரு கேமராவத்தான் தாண்டிப் போறாரு” என்று விளக்கினேன். சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார். புரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பெண் போன் பண்ணினாள். “அம்மா சோறே துண்ண மாட்டேங்குதுணா. அப்பாவுக்குக் கோவம் போவல, அதான் தன் மூஞ்சியப் பாக்கலன்னு சொல்லுது. அப்பா போன அன்னிக்குக் காலைல ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டயாம்.”

எனக்குச் சுருக்கென்றது. நல்லது செய்கிறேன் என்று போய் ஒரு பொம்பளையைப் பட்டினி போட்டுவிட்டேன். ஆனால் புத்தி எங்கே போகும்? படத்தால் வந்ததைப் படத்தாலேயே சரி பண்ணிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் எப்போதும் தூக்கிப்போடும் பகுதி ஒன்று உண்டு. கேமராவை ஆன் பண்ணிவிட்டு, ஓடி ஒளிவதற்கு முன்னால் தானாகப் பதிவாகிற துண்டு. அதில் கிடைத்தார் மனிதர்.

நான் கேமராவுக்கு நேர் பின்னால் குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருக்கிறேன். அவர் வந்து எதிரில் நின்று, முகத்துக்கு நேரே பார்த்து, “சாப்டியா தம்பி?” என்கிறார். அப்புறம் சாப்பிடுகிறேன் என்கிறேன் நான். அவர் விடவில்லை.

அந்தத் ‘தம்பி’யை வெட்டினேன். என் பதிலை வெட்டினேன். பின்னால் தெரிந்த என் மண்டையையும் அழித்தேன். மூன்று நாள் வேலை. முடித்துப் பார்த்தபோது, கண்ணாடி மாட்டியிருப்பவரின் கண்ணையே பார்த்து, அவரையே கேட்கிற மாதிரி அச்சாக இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது எனக்கு.

மறுநாளே அவர்களை வரச்சொல்லி மாட்டிவிட்டேன். கணவர் வந்தார். நின்றார். பார்த்தார். “சாப்டியா?”

அந்த அக்கா இந்தத் தடவை கையை நீட்டவில்லை.

“இது என்னக் கேட்டது இல்ல தம்பி” என்றார்.

“ஒங்களத்தாங்க்கா. நேராப் பாத்துதான கேக்கறாரு?” வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “முப்பது வருசத்துல ஒரு நாளுகூட அந்த ஆளு என்ன சாப்டியான்னு கேட்டது கெடயாது. நான்தான் கேப்பேன். எம்மாம் சண்டன்னாலும் கேட்டுருவேன். அன்னிக்கு ஒரு நாளுதான் கேக்கல. வெறும் வயித்தோட கரும்பு வெட்டக் கத்தியத் தூக்கினு போனாரு. போவட்டும்னு பாத்துனு நின்னேன். பெறவு தூக்கினுதான் வந்தாங்க.”

நான் எந்தக் கேள்வியைத் தேடியெடுத்து அவர் காதில் ஓதினேன் என்று அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்கே வெட்டினேன், ஏன் வெட்டினேன், எல்லாவற்றையும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அவரு பேசனத முழுசாப் போடு” என்றார்.

வெட்டாத படத்தைப் போட்டேன். “சாப்டியா தம்பி?” “அப்பறம் சாப்டறேங்க, வேல இருக்குது.” “வேல எங்க ஓடிப்பூடும்? மொதல்ல எலயில வந்து குந்து.” சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து இழுக்கிறார். கேமராவை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பந்தியைப் பார்த்து நடக்கிறோம்.

அந்த அக்கா எழுந்துவிட்டார். “வழில போறவனலாம் கேக்கத் தெரியுது இல்ல?” என்று கத்தினார். “வூட்டுல ஒருத்தி கெடக்கறாளே, அவள ஒரு நாளு கேட்டிருப்பியா நீ? இன்னாய்யா ஆம்பள நீ?” போகிற முதுகைப் பார்த்து, வீட்டில் எப்படித் திட்டுவாரோ அப்படியே திட்டினார். திட்டிக்கொண்டே வந்தவர் குரல் ஓரிடத்தில் உடைந்தது. “நானாவது கேட்டிருக்கலாமே...” என்று உட்கார்ந்துவிட்டார். பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் அழுதார். தை மாதத்திலிருந்து சேர்த்துவைத்த அழுகை. அங்கே நிற்க முடியாமல் நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். ஈரமான கண்ணாடியை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“அன்னிக்கு நீ சாப்டியா?”

“சாப்ட்டேங்க்கா. அவருதான் பக்கத்துலயே நின்னு பரிமாறச் சொன்னாரு.”

தலையசைத்தார். “இனிமே இத எனக்குக் காட்டாத தம்பி” என்று சொல்லிவிட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாராம். பெண் போன் பண்ணிச் சொன்னாள்.

வாசலில் இருந்த போர்டை அன்றைக்கே கழற்றிவிட்டேன். கண்ணாடி இன்னும் இருக்கிறது. துக்க வீட்டிலிருந்து யாராவது கேட்டு வந்தால், மாட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்கிறேன்: நீங்கள் அங்கே போய்விடுவீர்கள், ஆனால் நீங்கள் வந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. சிலர் அதைக் கேட்டதும் வேண்டாம் என்று திரும்பிப் போகிறார்கள்.

மத்தியானம் வீட்டுக்குப் போனால், என் மனைவி வழக்கம்போல “சாப்பாடு போடட்டுமா?” என்பாள். பதில் சொல்வதற்கு முன்னால் “நீ சாப்டியா?” என்று கேட்டுவிடுகிறேன். இன்னொருவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியை எடுத்து மூன்று நாள் வெட்டி ஒட்டிய எனக்கு, என் வீட்டில் அதை என் வாயால் கேட்க அத்தனை வருடம் ஆகியிருக்கிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.