ஆரோக்கியத்தின் உருளைக்கிழங்குச் சரிவு

முதல் மார்க் மண்

மண் பரிசோதனை ஆபீசில் என் மேஜைக்கு வந்த விவசாயி ஆரோக்கியம் நீட்டிய துணிப்பையை அவிழ்த்தேன். கறுப்பு மண், பொலபொலவென்று, எருவாடையோடு. மண் மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்: நம்மிடம் வருவதெல்லாம் பரீட்சையில் தேற வந்த மண்தான்.

போன வருஷமும் இப்படியொரு பை கொடுத்திருந்தார். உரம் அதிகம் வேண்டாம் என்று ஆய்வுச் சீட்டு வந்தது. அதை நம்பி உரத்தைக் குறைத்தார். கொடைக்கானலுக்கு மேலே அவருடைய சரிவில் உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவோடு நின்றுவிட்டது. இந்தப் போகமும் பொய்த்தால் நிலத்தை யூக்கலிப்டஸ் நட ஒரு மர வியாபாரியிடம் பத்து வருஷக் குத்தகைக்கு விடுவதாக இருந்தார்.

"இதை எங்கே எடுத்தீங்க?" என்றேன்.

"எருக்குழி ஓரத்துல, போன வருஷம் எடுத்த அதே இடந்தான். ஆபீசுக்குப் போற மண்ணுங்க, நல்லதா அனுப்ப வேணாமா?"

கீழ்க்காட்டுக்காரர்

நானே சரிவுக்குப் போனேன். கிழங்கு நட மண் அணைத்த பார்கள் மேலிருந்து கீழே நேராக இறங்கின. உச்சியில் நாலு விரல் ஆழத்தில் மண்வெட்டி கல்லில் மோதியது. கீழே, அடுத்த நிலத்தில், முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு மண். அந்த நிலத்துச் சூசையிடம் என்ன உரம் போடுகிறார் என்று கேட்டேன்.

"நான் எங்கங்க போடுறேன்? மேல ஆரோக்கியம் போடுறாரு, மழை கொண்டாந்து குடுத்துருது."

பாதி காடு

பாரைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள், இடையிடையே புல் வரிசை விடுங்கள் என்றேன். ஆரோக்கியம் ஒப்பவில்லை. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும் என்றார். அந்தப் பயம் நியாயமானது. பாருக்கு லேசான சாய்வு கொடுக்கலாம் என்று சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. அவர் மனைவி ஞானம்மாள்தான் முடித்துவைத்தார்.

"மரத்துக்கு விடப்போற காடுதானே? அழுகுனா அழுகட்டும். பாதியில போட்டுப் பாருங்க."

அடைமழை

நாலு நாள் விடாமல் பெய்தது. பயந்துகொண்டே முதல் பஸ்ஸில் ஏறிப் போனேன். நேர்ப் பாரில் தண்ணீர் மண்குழம்பாக ஓடியது. குறுக்குப் பாரில் கலங்கல் குறைவு. மூலையில் ஒரு வரிசை மட்டும் அழுகியிருந்தது. ஆரோக்கியம் அதைத்தான் முதலில் காட்டினார்.

அறுவடையன்று குறுக்குப் பாரில் கைக்கு அடங்காத கிழங்குகளும் வந்தன. எல்லாம் அப்படியில்லை, ஆனால் விதைக்கும் விற்கவும் போதும். முடிவு கேட்க வந்த மர வியாபாரியிடம் ஆரோக்கியம் சாவகாசமாகச் சொன்னார்:

"இன்னும் ரெண்டு போகம் பொறுங்க. மண்ணு இப்பத்தான் வீட்டுல தங்கப் பழகுது."

மண்ணின் குறையைக் கண்டுபிடிப்பது சுலபம், எந்த இடத்து மண் என்று கேட்டு வாங்குவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். அதற்குள் ஞானம்மாள் பாதையோர ஓடையில் படிந்திருந்த வண்டலைக் கூடையில் அள்ளி, சரிவேறிப் போய், உச்சிப் பாரில் கொட்டிவிட்டு வந்தார்.